உட்கார வைத்த தண்ணீர்

மச்சினி மூன்றாவது முறையாக மீன்தொட்டியின் மேல் போர்வையைப் போர்த்தினாள். அவர் மூன்றாவது முறையாக அதை எடுத்து, மடித்து, நாற்காலியின் முதுகில் போட்டார்.

"என்ன அத்தான் நீங்க? சாவு வீட்டுல மீன் துள்ளி விளையாடுறது நல்லாவா இருக்கு? வர்றவங்க அக்காவப் பாக்காம அதத்தான் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"அப்புறம் உங்க இஷ்டம்."

இஷ்டம் என்று சொன்னாளே தவிர, போர்வையைக் கையெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூடப் பிறந்தவளை இழந்த துக்கத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டும், அவளுக்குக் கிடைத்தது தொட்டி. அது அவருக்குப் புரிந்தது. புரிந்தாலும் நான்காவது முறை எடுத்து மடிக்கத் தயாராகவே நின்றார்.

முன்னறையில் கட்டிலும் தொட்டியும் ஒன்றை ஒன்று ஒட்டி இருந்தன. கட்டில் வாடகைக்கு எடுத்தது. தலைப்பக்கத்தை ஏற்றி இறக்க ஒரு கைப்பிடி, இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு என்று அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் அவர் மனைவி வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தாள். தொட்டி அவளுடையது. நாலடி நீளம், அதில் கடையில் வாங்கிய மீன் ஒன்றுகூடக் கிடையாது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஓடும் கால்வாயிலும், கல்குவாரிக் குட்டையிலும், மழைக்கு மட்டும் நிரம்பும் பள்ளங்களிலும் அவளே இறங்கி வலையில் அள்ளி வந்த கெண்டைகள், ஒரு அயிரை, பாம்பு போல நெளியும் ஒரு ஆரால். செடிகளும் அதே சரக்குதான்: வேலம்பாசி, நாடா மாதிரி நீளும் நீர்ப்புல், ஒரு மண்சட்டியில் அல்லி. முதல் தடவை வருகிறவர்கள் உற்றுப் பார்த்துவிட்டு, "இது சமைக்கிற மீனாச்சே" என்பார்கள். "ஆமா, நான் சமைக்கல" என்பாள் அவள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அவள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவள். முப்பத்தொரு வருடம். பிள்ளைகள் முதல் தலைமையாசிரியர் வரை எல்லோருக்கும் லேப் அக்கா. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவில் இருக்கிற லிஃப்டே ஒன்றுதான் என்றாலும் தெருவுக்கே அவர் லிஃப்ட்காரர்.

அன்று காலை ஆறரை மணிக்கு அவர் தொட்டியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு மக்கு எடுத்துக் கொட்டி, முந்தின நாளே வாளியில் பிடித்து வைத்த தண்ணீரை இரண்டு மக்கு ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் கலக்கும் மருந்தின் காரம் போக ஒரு நாள் ஆகும் என்பாள். "தண்ணி உக்காரணுங்க. வந்ததும் வராததுமா உள்ள ஊத்தக் கூடாது." இரண்டாவது மக்கை ஊற்றிவிட்டு, "போதுமா?" என்று திரும்பினார். அவள் தொட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே இருந்தாள். பதில் வரவில்லை. அவர் மக்கைக் கீழே வைக்காமல் வெகு நேரம் நின்றார்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டமாக வந்தார்கள். அழுதவர்களைவிட நன்றி சொன்னவர்கள் அதிகம். ஒருத்தி, நுண்ணோக்கியில் முதன்முதலாக வெங்காயத் தோலைக் காட்டியது லேப் அக்காதான் என்றாள். வழுக்கை விழுந்த ஒருவர், தான் உடைத்த ஜாடிக்கு லேப் அக்கா பழி ஏற்றுக்கொண்ட கதையைச் சொல்லி மூக்கைச் சிந்தினார். லிஃப்ட்காரர் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினார். பாதிக்கு மேல் அவருக்கே தெரியாத கதைகள்.

எல்லோரும் போன பிறகு ஓய்வு பெற்ற உயிரியல் டீச்சர் மட்டும் தொட்டியின் முன்னால் குனிந்து நின்றார். முன்பக்கக் கண்ணாடியின் மேல் ஓரத்தில் வெள்ளை டேப் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் மூன்று வரி: என்ன மீன், எங்கே எப்போது, சேகரித்தவர் யார். ஆய்வக ஜாடிகளில் எழுதும் அதே முறை. மூன்றாவது வரியில் எல்லாத் துண்டிலும் "நான்" என்றே இருந்தது.

"வீட்டுலயும் விடல பாருங்க," டீச்சர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "லேபிள்ல பொய் இருந்தா ஜாடியத் தூக்கி வெளிய வைம்பாங்க. எனக்கே சொல்லிருக்காங்க. நான் ஒரு தடவ மாசத்த மாத்தி எழுதிட்டேன்னு ரெண்டு நாள் எங்கூடப் பேசல."

அவர் நாற்காலி முதுகில் கிடந்த போர்வையைச் சரி செய்தார்.

டீச்சர் இன்னும் குனிந்தார். "குவாரிக் கெண்டைன்னு போட்டிருக்கு. அதுக்கு வால் பக்கம் ஒரு புள்ளிதான... இதுக்கு முன்னாலயும் ஒண்ணு இருக்கே..." சட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "கண்ணாடி போடாம வந்துட்டேன். சரியாத் தெரியல" என்று சொல்லிக் கையைக் கூப்பிவிட்டுக் கிளம்பினார். கண்ணாடி டீச்சர் மூக்கின் மேல்தான் இருந்தது.

லிஃப்ட்காரர் அவசரமாகக் குனிந்து அந்தக் கெண்டையின் புள்ளிகளை எண்ணினார்.

நடந்தது இதுதான். ஏழு வாரத்துக்கு முன்னால் அவளை ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கட்டிலைத் தொட்டியை ஒட்டிப் போட்டுவிட வேண்டும், படுத்தபடியே அவள் பார்க்கட்டும் என்று அவர் முடிவு செய்தார். அதுவரைக்கும் நல்ல யோசனை. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பார்க்கப்போகிறவளுக்குத் தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டாமா என்று அடுத்த யோசனை வந்தது. முப்பது வருடம் லிஃப்டின் கண்ணாடிக் கதவுகளைத் துடைத்த கை. மீன்களை வாளியில் விட்டார். டேப் துண்டுகளைப் பத்திரமாக உரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தார். மணல், கூழாங்கல், கண்ணாடி எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். குழாயைத் திறந்து புதுத் தண்ணீரை நிரப்பி, மீன்களை விட்டு, டேப் துண்டுகளைப் பழையபடி ஒட்டி, தூர நின்று பார்த்தார். தொட்டி ஜொலித்தது. அப்படி ஒரு நிம்மதியோடு அவர் சாப்பிட்டதே இல்லை.

சாயங்காலம் பதினொரு மீனும் மேலே மிதந்தன. பத்து கெண்டை, ஒரு அயிரை.

மிஞ்சியது ஆரால் ஒன்றுதான். அது எப்போதும் மண்ணுக்குள் புதைந்து மூக்கை மட்டும் நீட்டி எல்லோரையும் கண்காணிக்கும் என்பதால் ஹெட்மாஸ்டர் என்று அவள் பெயர் வைத்திருந்தாள். அல்லிச் சட்டியை மட்டும் சேறாக இருக்கிறதே என்று கழுவாமல் பழைய தண்ணீரோடு ஒரு பக்கெட்டில் வைத்திருந்தார். ஹெட்மாஸ்டர் அதற்குள் இருந்தார். மறுநாள் காலை சட்டிச் சேற்றிலிருந்து மூக்கு எட்டிப் பார்த்தபோது, சந்தோஷப்படுவதா சாட்சி பிழைத்துவிட்டதே என்று பயப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

சோப்பு முழுக்கப் போகும் வரை மணலை அலசினார். ஒரு நாள் வைத்திருந்த தண்ணீரை நிரப்பினார். அவள் சொல்லிக் காதில் ஏறாத இத்தனையும் ஏறியது செத்த மீன்களின் புண்ணியம். பிறகு மூன்று நாள் விடியற்காலையில், மச்சினி ஆஸ்பத்திரியில் காவல் இருந்த நேரத்தில், மனைவியின் வலையை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் பின்னால் இருந்த கால்வாய் மதகுக்குப் போனார். அதுவரைக்கும் அவருக்கு அந்த மதகில் இருந்த வேலை, கரையில் நின்று அவள் செருப்பையும் கைப்பையையும் பிடித்துக்கொண்டு மணி பார்ப்பது. "ஒரு ஆளு தண்ணிக்குள்ள நிக்குற நேரத்துல நான் ஒரு மோட்டாரையே பிரிச்சு மாட்டிருப்பேன்" என்பார். இப்போது பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அவரே இறங்கினார். வழுக்கி விழுந்து கல்லில் காலைக் கிழித்துக்கொண்டார். டிப்போவில் பல் தேய்த்துக்கொண்டிருந்த டிரைவர்கள் வேலியோரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், "சார், மோதிரம் எதுவும் விழுந்திடுச்சா?" என்றுகூடக் கேட்டார். முதல் நாள் இரண்டு, அடுத்த நாள் ஒன்று, மூன்றாம் நாள் என்ன மாயமோ, எட்டு. அயிரையும் அதில் இருந்தது.

அவள் வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தார்கள். தொட்டியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தொட்டி ரொம்ப சுத்தமா இருக்கு."

"சும்மா கண்ணாடியத் தொடச்சேன்."

"மீனெல்லாம் ஒளியுது."

"நீ அஞ்சு நாள் இல்லல்ல, மறந்திருக்கும். ஒண்ணும் ஆகல, ரெண்டு நாள்ல சரியாயிடும்."

அது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கதவின் இந்தப் பக்கத்திலிருந்து சொல்லும் குரல். ஒண்ணும் ஆகல, ரெண்டு நிமிஷம். எது அறுந்திருந்தாலும் அந்தக் குரல் ஆடாது. அதற்குத்தான் கம்பெனியில் அவருக்குப் பெயரே.

அவள் அவரைப் பார்த்தாள். "கால்ல என்ன கட்டு?"

"பைக் ஸ்டாண்ட் கிழிச்சிடுச்சு."

"ம். இனிமே தெனம் ரெண்டு மக்கு தண்ணி மாத்துங்க. உக்கார வெச்ச தண்ணி."

"ஞாயித்துக்கிழமதான மாத்துவ?"

"தெனம் மாத்துங்க."

உடம்பு முடியாதவளின் ஆசை என்று நினைத்து மாற்றினார். அதன் பிறகு அவள் மீன்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வாரத்துக்கு மேல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். கோபமும் தெரியவில்லை, சந்தேகமும் தெரியவில்லை. அவள் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் துணிந்தார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தொட்டிக்குத் தண்ணி மாத்தியாச்சா?"

"ஆச்சு."

"அப்ப சரி. வேற ஒண்ணும் வேணாம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

காலையில் சொல்லிவிடலாம் என்று விட்டுவிட்டார்.

இதுநாள் வரை அவள் கண்டுபிடிக்கவில்லை என்றாவது நம்பிக்கொண்டிருந்தார். டீச்சர் அந்த நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு நிமிடம் குனிந்து பார்த்தவருக்கே புள்ளிக் கணக்கு தெரிகிறது என்றால், ஒரு முழ தூரத்தில் இரவும் பகலும் படுத்திருந்தவளுக்கு? மாதத்தை மாற்றி எழுதியதற்கு இரண்டு நாள் பேசாதவள் அவள். செத்த மீன்களின் லேபிளை உயிருள்ள மீன்களின் மேல் ஒட்டி, சாகக் கிடந்தவளின் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்து, பார்த்துக்கொண்டே போய்விட்டாள். என்ன நினைத்துக்கொண்டு போனாள்?

மத்தியானம் வண்டி வந்தது. தூக்கும்போது மகள் அம்மாவின் கையைப் பிடித்தபடியே வாசல் வரை வந்தாள். சேதி கேட்டு வெளியூரிலிருந்து கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்தவள், வந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது நாலு மணி. குளித்துவிட்டு வந்து மூன்று பேரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். மச்சினி டீ போட்டுக் கொடுத்தாள். வெற்றுக் கட்டிலை யாரும் பார்க்கவில்லை.

"அப்பா, ஒரு மாசமாவது எங்கூட வந்து இருங்க. தனியா என்ன பண்ணுவீங்க?"

அவர் டீயைக் கீழே வைத்தார். "உங்கம்மாவ நான் ஏமாத்திட்டேன்மா."

மச்சினியின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. என்ன நினைத்தாளோ, முகம் வெளுத்துவிட்டது. அவர் அவசரமாக, "மீன் விஷயத்துல" என்றார்.

முழுவதையும் சொன்னார். மாட்டிக்கொண்டவன் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றையும் விடாமல், சோப்பின் மணம் எலுமிச்சை என்பது வரை சொன்னார். மகள் கடைசி வரை கேட்டாள்.

"சோப்பாப்பா?"

"ஆமா."

"பாத்திரம் கழுவுற சோப்பு?"

"நுரை நல்லா வந்துச்சு" என்றார் அவர், பாவமாக.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், நிற்கவில்லை. காலையிலிருந்து வராத அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது. மச்சினி எழுந்து வந்து அவள் முதுகைத் தடவினாள். "அக்கா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல அத்தான். சொல்லிருந்தா நான் உங்கள நல்லாக் கேட்டிருப்பேன்" என்றாள்.

"அதான் சொல்லாம விட்டாளோ என்னவோ."

"அம்மா தப்பா நெனச்சிருக்க மாட்டாங்கப்பா."

"உனக்கெப்படித் தெரியும்?" அவர் தரையிலிருந்து கண்ணை எடுத்தார். "அவ மூஞ்சியப் பாத்தே சொன்னேன்மா. ஒண்ணும் ஆகலன்னு."

மகள் ஆறிப்போன டீயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

ஐந்து மணிக்குக் கட்டிலை எடுக்க இரண்டு ஆட்கள் வந்தார்கள். வாசல் கதவு குறுகல், பக்கத் தடுப்பைக் கழற்றாமல் வெளியே போகாது. அவர்களில் வயதில் பெரியவர் பையைத் துழாவிவிட்டு, "பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர வண்டியிலயே விட்டுட்டேன், கொஞ்சம் இருங்க" என்றார். லிஃப்ட்காரர் பேசாமல் உள்ளே போய்த் தன்னுடையதைக் கொண்டு வந்தார். கொடுக்காமல் அவரே உட்கார்ந்து போல்ட்டுகளைக் கழற்றினார். ஆறு வாரத்துக்கு முன் மாட்டும்போதும் அவர்தான் முறுக்கியது. கை வேலை செய்கிற நேரத்துக்கு மனசு கொஞ்சம் சும்மா இருந்தது. அவர்கள் மெத்தையை எடுத்தார்கள், தடுப்பை எடுத்தார்கள், சட்டத்தைச் சாய்த்து வெளியே கொண்டு போனார்கள். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது.

மகள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டில் இருந்த இடத்தில் ஒரு மாத்திரை அட்டை, ஒரு கர்ச்சீப், பென்சில் ஒன்று. குறுக்கெழுத்துப் போட வேண்டும் என்று அம்மா கேட்டு வாங்கிய பென்சில். எடுக்கக் குனிந்த மகள் அப்படியே நின்றாள்.

"அப்பா. இங்க வாங்க."

தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி. கட்டிலின் தடுப்பும் மெத்தையும் இத்தனை நாள் மற்றவர்கள் கண்ணுக்கு மறைத்திருந்த கீழ் மூலை. தொட்டியின் முன்னால் நின்று பார்த்தாலும் தெரிந்திருக்காது, உள்பக்கம் அல்லிச் சட்டி இருந்தது. அங்கே, படுத்திருப்பவள் கையை நீட்டினால் எட்டும் உயரத்தில், ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. வழக்கமான டேப் இல்லை. ஊசி குத்திய இடத்தில் ஒட்டுகிற ஆஸ்பத்திரி டேப். எழுத்து கோணலாக ஏறி இறங்கியது. ஆனால் மூன்று வரியும் இருந்தன. அவருக்குக் கண்ணாடி கைவசம் இல்லை. மகள் மண்டியிட்டு உட்கார்ந்து படித்தாள்.

"கெண்டை பத்து, அயிரை ஒன்று. மதகு, நான் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம்." அங்கே நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டாள். "சேகரித்தவர், என் வீட்டுக்காரர்."

அல்லிச் சட்டிச் சேற்றிலிருந்து ஹெட்மாஸ்டரின் மூக்கு வெளியே வந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தினம் இரண்டு மக்கு எதற்கு என்று இப்போது தெரிந்தது. கழுவித் துடைத்த தொட்டியில் புது மீன் பிழைப்பது கஷ்டம், அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றினால்தான் தேறும். பள்ளிக்கூடத்துக்குப் புதுத் தொட்டி வாங்கியபோது அவளே யாருக்கோ போனில் மணிக்கணக்காகச் சொன்னது இன்று நினைவுக்கு வந்தது. முதல் நாளே எல்லாம் தெரிந்துவிட்டது அவளுக்கு. தெரிந்து, அவரைக் கேள்வி கேட்காமல், அவர் பிடித்து வந்த மீன் சாகாமல் இருக்க வழி சொல்லியிருக்கிறாள். முப்பத்திநாலு வருடம் செருப்பைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவன் தனக்காக இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான் என்பதை, உண்மையைத் தவிர எதையும் எழுதாத இடத்தில் எழுதி, தன் தலையணைக்கு நேரே ஒட்டிக்கொண்டு, அதைப் பார்த்தபடி படுத்திருந்திருக்கிறாள். இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்தாளே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. காலையிலிருந்து ஊரே அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனது. அவர் முறை இப்போதுதான் வந்தது.

"இடுப்பளவெல்லாம் இல்ல," என்றார் திடீரென்று, தன் நினைப்பையே திருத்துகிறவர் போல, யாரும் கேட்காததற்கு. "முழங்கால்தான்."

மகள் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மச்சினி நாற்காலி முதுகில் கிடந்த போர்வையை எடுத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அதை இன்னும் நாலாக மடித்து உள்ளே கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்தார். தொட்டியின் முன்பக்கம் ஒட்டியிருந்த பழைய டேப் துண்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்து, ஒரு காகிதத்தில் ஒட்டி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பக்கவாட்டில் இருந்ததைத் தொடவில்லை. பிறகு குளியலறையில் குழாயைத் திறந்து வாளியை நிரப்பினார்.

"இப்ப எதுக்குப்பா தண்ணி? காலைலதான் மாத்துனதா சித்தி சொன்னாங்க."

"நாளைக்கு" என்றார்.

வாளியைக் கொண்டுவந்து, கட்டில் இருந்த இடத்தில், தொட்டியை ஒட்டி வைத்தார். தண்ணீர் ஆடி அடங்கும் வரை பக்கத்தில் நின்றார்.